மாஸ்டர் செக்கப்பில் ‘பார்டர்’ என்று வந்த பிறகு: நோயறிதல் ஒருவரின் உடல்நல எண்ணத்தை என்ன செய்கிறது?

பொருநை (இழையைத் தொடங்கியவர்)

நாற்பத்து நான்கு வயதான என் சித்தப்பா மகன், அலுவலகம் ஏற்பாடு செய்திருந்த மாஸ்டர் செக்கப்புக்குப் போய் வந்தான். உடம்புக்கு ஏதும் முடியாமல் போகவில்லை. செலவில்லாமல் கிடைக்கிறது என்பதற்காகத்தான் போனான். அறிக்கையில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 5.9 என்ற எண் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. மருத்துவர், “பார்டரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனை அழைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து அவன் தன்னைச் சர்க்கரை நோயாளி என்றே சொல்லிக்கொள்கிறான். பந்தியில் பாயச வாளி அருகில் வரும்போதே இலையைக் கையால் மறைத்து, “எனக்கு சுகர்” என்கிறான். குளுக்கோமீட்டர் வாங்கி, காலையும் மாலையும் விரலைக் குத்திப் பார்த்து எழுதி வைக்கிறான். கால் மரத்துப்போனால் அது சர்க்கரை. மதியம் தூக்கம் வந்தால் அதுவும் சர்க்கரை. சோற்றை அடியோடு விட்டுவிட்டான். மாலையில் விளையாடிக்கொண்டிருந்த பூப்பந்தையும், உடம்பு சோர்ந்துவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டான் என்பதுதான் எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருக்கிறது.

அறிக்கைக்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் அவனுடைய உடல் ஒன்றேதான். மாறியது அவன் தன்னைப் பற்றி எண்ணும் விதம். இந்த மாற்றம் அவனுக்கு நன்மை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா? அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஓர் எண்ணைக் கொடுத்து அதற்கு நோயின் பெயரையும் சூட்டும்போது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், மீதியை அவரே கற்பனை செய்துகொள்கிறார் என்பது என் எண்ணம். மருத்துவத் துறையில் இருப்பவர்களும், நோயோடு வாழ்பவர்களும் எழுத வேண்டுகிறேன்.

பழையசோறு

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்தப் பரிசோதனையெல்லாம் ஏது? கேப்பைக் கூழும் பழைய சோறும் சாப்பிட்டுவிட்டு நூறு வயது வரை வாழ்ந்தார்கள். பார்க்காமல் இருந்தாலே பாதி நோய் இல்லை.

ஊரக மருத்துவர்

பழையசோறு அவர்களுக்கு: பார்க்காமல் இருந்தால் நோய் இல்லாமல் போவதில்லை, தெரியாமல்தான் போகிறது. ஆறாத காலோடு வந்து, அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்துகொள்பவர்களை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் இன்றும் பார்க்கிறேன். அவர்களுக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே யாராவது ‘பார்டர்’ என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொருநை அவர்களின் கேள்விக்கு வருகிறேன். சென்னையை மையமாகக் கொண்டு நடந்து, 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் (ICMR–INDIAB) என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருக்கின்றன. இந்த முந்தைய நிலை வெறும் பயமுறுத்தல் அன்று. சென்னையில் நடந்து 2006இல் முடிவு வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இந்நிலையில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சி, உணவு மாற்றம் ஆகியவற்றுக்குத் தொடர்ந்து வழிகாட்டல் பெற்றவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில், அப்படி வழிகாட்டல் பெற்றவர்களை முப்பது ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தபோது, நீரிழிவு வருவது சராசரியாக நான்காண்டுகள் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் குறைந்திருந்தன. ஆகவே அந்தப் பெயர் தேவைதான். உங்கள் தம்பிக்குத் தவறாகப் போனது பெயர் சூட்டியது அன்று; அதன் பிறகு அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய இருபது நிமிடம் கொடுக்கப்படவில்லை என்பதுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடிப் போகிறது. அப்படி வாங்குபவர்களிலேயே, “பார்த்தேன், நார்மல் ஆகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் மனத்தில் சர்க்கரை என்பது காய்ச்சலைப் போல வந்து போகிற ஒன்று. மாத்திரையால்தான் அந்த எண் இறங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஒருவர் பார்டரைக் கேட்டே நோயாளியாகிவிடுகிறார். இன்னொருவர் உண்மையாகவே நோய் இருந்தும் ஆகமாட்டேன் என்கிறார். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: உட்கார வைத்துப் பேசுவது.

நுண்ணோக்கி

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டை அவர் தாண்டிப் போய்விட்டார்.

சென்னை ஆய்விலும் தாச்சிங் ஆய்விலும் இருந்தவர்கள், 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்து, அந்த அளவு உயர்ந்திருந்ததால் சேர்க்கப்பட்டவர்கள். சென்னையில் அந்தச் சோதனையை இரண்டு முறை செய்து உறுதிப்படுத்திய பிறகே ஆளைச் சேர்த்தார்கள். பொருநை அவர்களின் தம்பிக்கு இருப்பதோ ஒரே ஒரு ஹெச்பிஏ1சி. வெறும் வயிற்றுச் சர்க்கரை, குளுக்கோஸ் குடித்த பின் சர்க்கரை, ஹெச்பிஏ1சி ஆகிய மூன்றும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. ஒன்றில் பார்டர் என்று வருபவர் மற்றொன்றில் சாதாரணமாக வருவது நாங்கள் அன்றாடம் பார்ப்பது. எனவே அந்த 55 விழுக்காட்டைத் தூக்கி இவர் தலையில் வைக்க முடியாது.

எல்லைக்கோட்டின் வரலாறும் பலருக்குத் தெரியாது. வெறும் வயிற்றில் 110 என்று இருந்த பார்டர் தொடக்கத்தை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003இல் 100 ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்காமல் 110இலேயே நிற்கிறது. ஆக, 104 உள்ள ஒருவர் ஒரு கணக்கில் பார்டர், இன்னொரு கணக்கில் சாதாரணம். ஹெச்பிஏ1சியிலும் இதே கதைதான்: 5.7 முதல் 6.4 வரை பார்டர் என்பது அமெரிக்கச் சங்கம் 2010இல் சேர்த்தது. அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம், நீரிழிவு என்று சொல்ல 6.5ஐ ஏற்றுக்கொண்டதே தவிர, அதற்குக் கீழே பார்டர் என்று ஒரு பட்டையை வகுக்கவில்லை. நம் ஊர் ஆய்வகங்களின் அறிக்கையில் பெரும்பாலும் அமெரிக்க எல்லைகளே அச்சாகின்றன. அந்தத் தடித்த எழுத்தை மருத்துவர் போடுவதில்லை. எல்லையைத் தாண்டினால் மென்பொருள் தானாகவே போடுகிறது. 5.6க்கு மெல்லிய எழுத்து, 5.7க்குத் தடித்த எழுத்து. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, அதே ஆளின் இரத்தத்தை அடுத்த வாரம் எடுத்தால் வரக்கூடிய வேறுபாட்டைவிடப் பெரிதன்று.

இன்னொன்றும் உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவு; அந்த அணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழும் என்று எடுத்துக்கொண்டு செய்யும் கணக்கு. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால், சர்க்கரை கூடாமலேயே அந்த எண் சற்று உயர்ந்து வரலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 8.5 என்று முதல் பக்கத்திலும், ஹெச்பிஏ1சி 5.9 என்று மூன்றாம் பக்கத்திலும் அச்சான அறிக்கையை வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தை விட்டுவிட்டு மூன்றாம் பக்கத்துக்காக அழும் அம்மாக்களை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அங்கே உண்மையில் மருந்து தேவைப்படுவது முதல் பக்கத்துக்கு.

மல்லிகைப்பந்தல்

இந்த இழை போகும் போக்கைப் பார்த்தால், நோய்க்குப் பெயர் கொடுப்பதே ஒரு சுமை என்று தோன்றிவிடும். என் அனுபவம் நேர் எதிரானது.

எனக்கு முடக்குவாதம், அதாவது ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ். அது தெரிவதற்கு முன் சில ஆண்டுகள், காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. குழாயைத் திருக முடியாது, இடியாப்ப உரலைப் பிடித்து அழுத்த முடியாது, ரவிக்கைக் கொக்கியைப் போட மகளைக் கூப்பிட வேண்டும். பத்து மணிக்கு மேல் கை சரியாகிவிடும் என்பதால், மற்றவர்கள் கண்ணுக்கு நான் நன்றாகவே இருந்தேன். முடக்குவாதக் காரணி என்ற இரத்தப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று முடிவு வந்தது. “ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையம்மா, வேலைக்குச் சலித்துக்கொள்கிறீர்கள்” என்று ஒரு மருத்துவமனையில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அதைவிடக் கொடுமை, வீட்டாரும் அதையே பிடித்துக்கொண்டதுதான். என் மாமியார் என்னிடம் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்.

பிறகு மூட்டுவாத மருத்துவர் ஒருவர், அறிக்கையைப் புரட்டுவதற்கு முன் என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, “காலையில் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கும்?” என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றேன். ஆன்டி சிசிபி என்ற இன்னொரு பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். அது இருக்கிறது என்று வந்தது. வாழ்நாள் முழுக்க இருக்கும் நோய் என்று கேள்விப்பட்ட அன்று நான் அழவில்லை, நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் நம்புவீர்களா? வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மூட்டுவாத மருந்தும், அதோடு ஃபோலிக் அமிலமும் சாப்பிடுகிறேன். கை பெருமளவு திரும்பிவிட்டது. ஆனால் மருந்து வேலை செய்வதற்கு முன்பே அந்தப் பெயர் வேலை செய்துவிட்டது: சலிப்புக்காரி என்ற பட்டம் போய், நோயுள்ளவள் என்ற நிலை வந்தது. அது எனக்குத் தாழ்வாகப் படவில்லை.

எனவே பொருநை அவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் தம்பியை வைத்து நோயறிதல் என்பதையே எடைபோட முடியுமா?

பொருநை

மல்லிகைப்பந்தல் அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு முதலில் வந்தது துன்பம். பெயர் பிறகு வந்து அதை விளக்கியது. என் தம்பிக்கு முதலில் வந்தது பெயர். துன்பத்தை அவன் பிறகு தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டையும் நோயறிதல் என்றே அழைத்தாலும், அவை மனிதரிடம் செய்யும் வேலை ஒன்றல்ல. இரண்டாவது வகையைப் பற்றி மட்டும் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேடிப் பார்த்ததில் இதற்குப் பொருத்தமான ஒரு பழைய ஆய்வு கிடைத்தது. கனடாவின் ஹாமில்டனில் எஃகு ஆலைத் தொழிலாளர்களிடம் இரத்த அழுத்தம் பார்த்து, உயர் அழுத்தம் இருந்தவர்களிடம் அதைச் சொன்னார்கள். 1978இல் முடிவு வெளியானது. அதற்கு முன் தமக்கு அழுத்தம் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள், தெரிந்த பிறகு உடல்நலக் குறைவு என்று விடுப்பெடுத்த நாட்கள் ஆண்டுக்குச் சராசரியாக 5 நாள் கூடின. மற்றத் தொழிலாளர்களிடம் அந்த அளவுக்கு உயர்வு இல்லை. இதில் வியப்பு என்னவென்றால், மருந்து தொடங்கினார்களா இல்லையா என்பதற்கும் இந்த உயர்வுக்கும் தொடர்பில்லை. மாத்திரையின் பக்கவிளைவு என்று தட்டிக்கழிக்க முடியாது, சொன்னதன் விளைவுதான். என் தம்பி பூப்பந்தை நிறுத்தியது எனக்கு இதைப் படித்த பிறகு ஓரளவு விளங்குகிறது.

ஊரக மருத்துவர்

நுண்ணோக்கி அவர்கள் சொன்ன வேறுபாடு சரியே. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் இரண்டு முறை உறுதிசெய்யப்பட்டவர்கள்தாம். ஆனால் வாசலில் நூறு பேர் நிற்கும் இடத்தில், ஒவ்வொருவருக்கும் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைக்க இயலாது. ஹெச்பிஏ1சி பட்டினி இல்லாமல் எந்நேரமும் எடுக்கத் தக்கது என்பதால்தான் பரவியது. கைக்கு எட்டும் கருவியின் குறையைத் தெரிந்துகொண்டே அதைப் பயன்படுத்துகிறோம்.

ஹாமில்டன் ஆய்வுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1978இல் அவர்களிடம் சொல்லாமலே விட்டிருந்தால், விடுப்பு கூடியிருக்காது. ஆனால் சிலருக்குப் பக்கவாதம் வந்திருக்கும். விடுப்பைக் கணக்கெடுப்பது எளிது. வராமல் போன பக்கவாதத்துக்கு முகம் இல்லை; யாரும் வந்து நன்றி சொல்வதுமில்லை.

நுண்ணோக்கி

வராமல் போன நோய்க்கு முகம் இல்லை என்பது போலவே, தேவையில்லாமல் செய்த சிகிச்சைக்கும் முகம் இல்லை ஐயா. தென்கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்து பார்ப்பது செக்கப்போடு சேர்ந்து பரவியது. 2011இல் அங்கே தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கானது; ஆனால் அந்நோயால் இறப்பவர்களின் வீதம் அப்படியே இருந்தது. கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் அறுவை செய்து சுரப்பியை முழுதாகவோ பகுதியாகவோ எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும், செக்கப் தம் உயிரைக் காப்பாற்றியது என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். 2014இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே வெளிப்படையாக எச்சரித்த பிறகு, ஓராண்டுக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

பார்டர் சர்க்கரையில் கத்தி இல்லை என்பது ஆறுதல்.

முகவர்

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். பெயர் உடம்பில் மட்டும் ஒட்டுவதில்லை, விண்ணப்பப் படிவத்திலும் ஒட்டுகிறது. மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, 2024இன் புதிய விதிகளின்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது சிகிச்சை அளித்த எதுவும் முன்பே இருந்த நோயாகக் கொள்ளப்படும். அதற்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்றாண்டு, முன்பு நான்கு. எழுதாமல் மறைத்தால் பின்னால் கிளெய்ம் தகராறாகும் என்பதால், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்வதே என் வழக்கம். அதேநேரம், நோய் என்று யாரும் கண்டறியாத ஒன்றை, “எனக்குச் சர்க்கரை” என்று தாமாகவே எழுதிக்கொடுப்பவர்களும் உண்டு. பொருநை அவர்களின் தம்பி அந்த ரகம் என்று தோன்றுகிறது. அறிக்கையில் உள்ள எண்ணையும் தேதியையும் அப்படியே எழுதி, நகலை இணைத்தால் போதும். மருத்துவர் எழுதித் தராத நோயின் பெயரை அவராக எழுத வேண்டாம்.

பழையசோறு

காப்பீடு வரைக்கும் போய்விட்டதா! நான் சொன்னது இதைத்தான்.

நெறியாளர்

தலைப்பை ஒட்டியே எழுதவும். காப்பீட்டு ஐயங்களுக்குத் தனி இழை இருக்கிறது.

மல்லிகைப்பந்தல்

பொருநை அவர்கள் பிரித்துச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் முழுதாக அன்று. எனக்கும் அந்தப் பெயர் சில வேளைகளில் எல்லை மீறுகிறது. முதுகு பிடித்தாலும், மனம் சோர்ந்தாலும், மகளோடு சண்டை போட்டாலும், “உனக்கு அந்த நோயினால்தான்” என்று வீட்டில் முடித்துவிடுகிறார்கள். போன மழைக்காலத்தில் இருமல் வந்தபோது, வந்த புதிய மருத்துவர் கோப்பைப் பார்த்ததும் மூட்டுநோய் மருந்தின் விளைவு என்று தொடங்கிவிட்டார். அந்த மருந்துக்கு அப்படி ஒரு விளைவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் நான்கு பேரும் இருமிக்கொண்டிருக்கிறோம் என்பதை நான் சொல்லித்தான் அவர் கேட்டார். பெயர் ஒரு கதவைத் திறந்தது. மற்றக் கேள்விகளை அதுவே அடைத்தும் விடுகிறது. இதற்கு நான் கண்ட வழி, புதிதாக ஒன்று வந்தால் நோயின் பெயரை முதலில் சொல்லாமல், என்ன செய்கிறது, எப்போதிலிருந்து செய்கிறது என்பதைச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் பெயரையும் மாத்திரைப் பட்டியலையும் நீட்டுவது.

ஊரக மருத்துவர்

அம்மா சொன்ன முறை மிகச் சரி. மருத்துவர் வேறு முடிவுக்குத் தாவிவிடாமல் இருக்க அது உதவும். ஆனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள், இருமலோடு காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும். பட்டியலை நீட்ட மறக்கவும் கூடாது.

பொருநை அவர்களே, உங்கள் தம்பிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அவருக்கு நீரிழிவு இல்லை. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம், அதைக் குறைக்கவும் முடியும். பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, இடுப்புச் சுற்றளவு என்ன, இரத்த அழுத்தம் என்ன என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 5.9க்குப் பொருள் வரும். குளுக்கோமீட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பூப்பந்து மட்டையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அவர் நிறுத்தியிருக்கவே கூடாதது அதுதான்.

பொருநை

இதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். “இரண்டாவதாக ஒரு பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்” என்கிறான். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையையே செய்துவிடலாமா? அதற்கு ஏதாவது தயாரிப்பு வேண்டுமா?

நுண்ணோக்கி

மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு செய்யலாம். இரவு உணவுக்குப் பின் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. காலையில் முதல் இரத்தம் எடுத்ததும், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே போய் உலாவுவதோ, டீ குடிப்பதோ, புகைப்பதோ கூடாது. இரத்தத்தைச் சாம்பல் நிற மூடிக் குழாயில்தான் எடுக்கிறார்களா என்று பாருங்கள். வேறு குழாயில் எடுத்துப் பிரிக்காமல் வைத்துவிட்டால், அணுக்களே சர்க்கரையைத் தின்று எண் குறைந்து வரும்.

முக்கியமான ஒன்று: சோற்றை விட்டவர்கள் நேராக வந்து இந்தச் சோதனையைச் செய்தால், உடல் மாவுச்சத்துக்குப் பழக்கம் விட்டுப்போயிருப்பதால், முடிவு பொய்யாக உயர்ந்து வரலாம். ஆகவே சோதனைக்கு முன் மூன்று நாளாவது, நாளொன்றுக்கு 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சேரும்படி, அவர் வழக்கமாகச் சாப்பிட்டு வந்த சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் சாப்பிட்டாக வேண்டும். இதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட, மருத்துவரை விட்டே சொல்லச் சொல்லுங்கள்.